மாசடைந்த நிலத்தை ட்ரோனால் அளந்து தொடர்ந்து கண்காணிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

ட்ரோனை எடுத்துக்கொண்டு போய்ப் பறக்கவிட்டால் வரைபடம் கிடைத்துவிடும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள்தான் அதிகம். முதல் வரைபடம் நன்றாகவே வரும். ஆறு மாதம் கழித்து இரண்டாவதை எடுத்து அதன்மேல் வைக்கும்போதுதான் சிக்கல் தெரியும். இரண்டும் பொருந்தாது. நிலம் மாறியதா, அளந்த விதம் மாறியதா என்று சொல்ல வழியே இருக்காது. போன ஆறு மாதத்தை மறுபடி அளக்க முடியாது.

அதனால் இங்கே சொல்லும் படிகள் எல்லாம் இரண்டாவது பறப்பை மனதில் வைத்தவை. முதல் பறப்பைத் திட்டமிடும்போதே, வேறொருவர் வேறொரு ட்ரோனோடு வந்து இதே அளவீட்டைத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

மண்ணில் கலந்த ஈயத்தையோ ஆர்செனிக்கையோ காட்மியத்தையோ ட்ரோன் கேமரா பார்க்காது. அது பார்ப்பது அடையாளங்களை மட்டுமே: செடியின் வாட்டம், மண்ணின் நிறம், தரையின் வெப்பம், மேட்டின் வடிவம். நச்சு எவ்வளவு என்று சொல்வது ஆய்வகம். மண் மாதிரியை எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டுவதுதான் ட்ரோனின் வேலை. இதை நிலத்தின் உரிமையாளருக்கும் பணம் தருபவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த இடமெல்லாம் சுத்தமான இடம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உலோகத்தைத் தாங்கி வளரும் செடிகள் நச்சு மண்ணிலும் செழிப்பாகவே நிற்கும்.

எந்த உணரி வேண்டும் என்பது நீங்கள் எழுதிய அந்த வரியைப் பொறுத்தது. குப்பைமேடோ சுரங்கக் கழிவுக் குவியலோ சரிகிறதா என்று பார்க்கச் சாதாரண வண்ணக் கேமரா போதும். ஆனால் அதில் மெக்கானிக்கல் ஷட்டர் இருக்க வேண்டும். வரிவரியாகப் படத்தைப் பதியும் ரோலிங் ஷட்டரில், பறக்கும் வேகத்தால் படம் வளைந்துவிடும். செடிகள் அடர்ந்த இடத்தில் தரையின் உயரம் வேண்டுமானால், லேசர் கதிரை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் தேவை. புல்லின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்வதே சாதாரணக் கேமராவின் இயல்பு.

செடிகளின் வாட்டத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு உட்படப் பல ஒளிப்பட்டைகளைத் தனித்தனியாகப் பதியும் மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா. கசிவுநீருக்கும் குப்பைக்குள் புகையும் நெருப்புக்கும், வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா. மீத்தேனுக்கு லேசர் உணரி: இது ஒரு புள்ளியில் உள்ள செறிவைச் சொல்லாது, லேசர் போய்த் திரும்பும் பாதை முழுவதும் உள்ள மொத்த வாயுவைச் சொல்லும். புதைந்த இரும்புப் பீப்பாய்களுக்குக் காந்தமானி. அதைத் தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பீப்பாய் அதன் கண்ணில் படாது.

மண்ணில் உள்ள மாசுகளில் கதிரியக்கம் மட்டும் விதிவிலக்கு. காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் காமா நிறமாலைமானி மாசையே நேரடியாக அளக்கிறது. சீசியம்-137 இருந்தால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் உச்சம் தெரியும். இயற்கையாக மண்ணில் உள்ள பொட்டாசியம்-40 இன் உச்சம் 1460 இல் வரும். இரண்டையும் பிரித்தறியாமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லும் மலிவான கருவியை வாங்காதீர்கள். பாறை மாறும் இடத்தையெல்லாம் மாசு என்று காட்டிவிடும்.

2. காகித வேலையை முதலில் தொடங்குங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பங்கள் போய்விட வேண்டும். பொதுவாகத் தேவைப்படுபவை இவை:

- ட்ரோனின் பதிவும் பைலட்டின் உரிமமும்
- வான்வெளி அனுமதி
- மூன்றாம் நபருக்கான காப்பீடு
- நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம்
- தளத்தின் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பெயரும் வேலையும் சேர்க்கப்பட்ட கடிதம்
- மண் மாதிரி எடுக்கவும் அதை வெளியே கொண்டுபோகவும் அனுமதி

இதில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, தெர்மல் பறப்பு விடியலுக்கு முன் நடக்க வேண்டும். பல நாடுகளில் இருட்டில் பறப்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. பகல் அனுமதியை வைத்துக்கொண்டு விடிகாலையில் தளத்தில் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு, காப்பீட்டில் பொருள் மாசுபட்டால் ஈடு கிடைக்குமா என்று பாருங்கள். விழுந்து உடைந்தால் தருவார்கள், நச்சுத் தூசி படிந்து பயன்படுத்த முடியாமல் போனால் தரமாட்டார்கள் என்று எழுதியிருக்கலாம். மூன்று, ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வாங்காதீர்கள். காற்றும் மழையும் உங்கள் தேதிக்காகக் காத்திருக்காது. இரண்டு வாரச் சாளரமாகக் கேளுங்கள், முடிந்தால் ஆண்டு முழுவதற்குமான எல்லாப் பறப்புகளையும் ஒரே விண்ணப்பத்தில் சேருங்கள்.

தளத்துக்கு விமானத்தில் போவதாக இருந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் உங்களோடு கொண்டுபோகவே முடியாது. கனமான உணரியைத் தூக்கும் பெரிய ட்ரோன்களின் பேட்டரி பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டியதுதான். அவற்றைச் சரக்காக முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கும்.

3. பணம் எங்கே போகும்

ட்ரோனின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பல ஆண்டுக் கண்காணிப்பில் திரும்பத் திரும்பச் செலவு வைப்பது ஆய்வகக் கட்டணம், ஆட்களின் நாட்கூலி, காப்பீட்டுப் புதுப்பிப்பு, உணரியின் அளவுத்திருத்தம் ஆகியவை. காமா உணரியும் லைடாரும் தேவையென்றால் முதல் ஆண்டுக்கு வாடகைக்கு எடுங்கள். ஆனால் அடுத்த முறையும் அதே மாதிரிக் கருவி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.

மென்பொருளில் மிச்சப்படுத்தலாம். படங்களை ஒட்டி வரைபடமாக்கும் ஓபன்ட்ரோன்மேப், வரைபடங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ், முப்பரிமாண வடிவங்களை ஒப்பிடும் கிளவுட்கம்பேர் மூன்றும் இலவசம். இந்த மூன்றை வைத்தே கீழே சொல்லும் எல்லா வடிவ ஒப்பீட்டையும் செய்ய முடியும். மிச்சமாகும் பணத்தை மண் மாதிரிகளுக்குத் திருப்புங்கள்.

4. நிலையான குறிகளை நடுங்கள்

மொத்த வேலையிலும் அவசரப்படக்கூடாத படி இதுதான்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இடத்தைத் துல்லியமாக அளந்த, மேலிருந்து படத்தில் தெரியும் குறிகள், குறைந்தது 5 வேண்டும்: நான்கு மூலைகளிலும் நடுவிலும். மேடுபள்ளம் அதிகமென்றால் மேட்டின் உச்சியிலும் அடியிலும் கூடுதலாக வையுங்கள். இவை தவிர 3 அல்லது அதற்கு மேற்பட்ட சரிபார்ப்புப் புள்ளிகள் வேண்டும். இவற்றை மென்பொருளுக்குக் கொடுக்காமல் தனியாக வைத்து, கடைசியில் பிழை எவ்வளவு என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ட்ரோனில் ஆர்.டி.கே. (செயற்கைக்கோள் காட்டும் இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் முறை) இருக்கிறது, குறிகளே வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். சரிபார்ப்புப் புள்ளி இல்லாத ஆர்.டி.கே. வரைபடத்தின் பிழையை யாராலும் சொல்ல முடியாது.

குறிகளை எங்கே நடுவது? குப்பைமேடு தானாகவே அமுங்கும். அதன்மேல் நட்ட குறியும் கூடவே இறங்கும், இறங்கிய குறியை வைத்து அளந்தால் மேடு அசையவே இல்லை என்று வரைபடம் சொல்லும். ஆகவே முதன்மைக் குறிகளை மாசு எல்லைக்கு வெளியே, உறுதியான தரையில், கான்கிரீட்டில் பதித்த கம்பியாக நடுங்கள். உள்ளே வைக்கும் குறிகளை ஒவ்வொரு முறையும் வெளிக் குறியிலிருந்து புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

ட்ரோனுக்குத் திருத்தங்களை அனுப்பும் தரைக் கருவியான ஆர்.டி.கே. அடிநிலையத்தை வைப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அடிநிலையத்தை ஆன் செய்து, தானே சராசரி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அது கண்டுபிடிக்கும் இடம் ஒவ்வொரு நாளும் ஒரு மீட்டருக்கு மேல்கூட மாறலாம். அன்றைய வரைபடம் உள்ளுக்குள் ஒழுங்காகவே இருக்கும், ஆனால் முழுசாக நகர்ந்திருக்கும். அளந்து உறுதிசெய்த குறியின்மேல் அடிநிலையத்தை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை நீங்களே உள்ளிடுங்கள்.

உயரத்தைப் பூமியின் வடிவமாகக் கணக்கில் கொள்ளும் நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கிறீர்களா, கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்தா என்பதையும் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடையே இடத்துக்கு இடம் பல பத்து மீட்டர் வேறுபாடு வரும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். ஜியாய்டு மாதிரியின் பதிப்பு மாறினால் வரும் சில சென்டிமீட்டர்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்துவிடும்.

5. பறப்புத் திட்டம்

உயரத்தைத் தீர்மானிப்பது தரையில் ஒரு பிக்சல் எவ்வளவு அகலம் என்பதுதான். கணக்கு எளிது: சென்சாரின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, வரும் தொகையைக் குவியத் தொலைவும் படத்தின் பிக்சல் அகலமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். 13.2 மி.மீ. சென்சார், 8.8 மி.மீ. லென்ஸ், 5472 பிக்சல் உள்ள 20 மெகாபிக்சல் கேமராவுக்கு 100 மீட்டர் உயரத்தில் 2.7 செ.மீ. வரும். 60 மீட்டரில் 1.6 செ.மீ. பல நாடுகளில் 120 மீட்டருக்கு மேல் பறக்கச் சாதாரண அனுமதி இல்லை, அதற்கு மேலே போக வேண்டிய தேவையும் இந்த வேலையில் இல்லை.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவு, அதாவது ஓவர்லேப், பறக்கும் திசையில் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 70 விழுக்காடும் இருக்கட்டும். மேலே சொன்ன கேமராவில் 100 மீட்டர் உயரத்துக்கு இது 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு வரிசை என்று வரும். 10 ஹெக்டேருக்குச் சுமார் 110 படம், ஓரங்களையும் சேர்த்தால் 150. 60 மீட்டரில் பறந்தால் ஓரம் இல்லாமலே 300ஐத் தாண்டும். தெர்மல் படங்களில் விவரம் குறைவு, மென்பொருள் அவற்றை ஒட்டத் திணறும். அதற்கு 85 முதல் 90 வரை போங்கள்.

எல்லாப் படத்தையும் செங்குத்தாகக் கீழ்நோக்கி மட்டுமே எடுத்தால், சமதரை நடுவில் உப்பியோ குழிந்தோ தெரியலாம். லென்ஸின் வளைவை மென்பொருள் தவறாகக் கணிப்பதால் வரும் கோளாறு இது. கேமராவைச் சாய்த்துக் குறுக்கு வரிசைகள் சிலவற்றைப் பறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேகம் வினாடிக்கு 5 மீட்டர், ஷட்டர் 1/1000 என்றால் படம் எடுக்கும் நேரத்தில் ட்ரோன் நகர்வது 0.5 செ.மீ. அது போதும். ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, நீங்கள் வைத்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காமா பறப்பு முற்றிலும் வேறு கணக்கு. 5 முதல் 10 மீட்டர் உயரம், வினாடிக்கு 1 முதல் 3 மீட்டர் வேகம். உயரம்தான் இங்கே எல்லாம். 5 மீட்டரில் இருக்க வேண்டிய ட்ரோன் 7 மீட்டரில் போனால், சிறிய மூலம் ஒன்றிலிருந்து வரும் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகிவிடும். புறப்பட்ட இடத்திலிருந்து அளக்கும் உயரத்தை நம்பாமல், தரையைப் பார்க்கும் லேசர் உயரமானி உள்ள ட்ரோனைப் பயன்படுத்துங்கள். உயரப் பதிவை ஒவ்வொரு வினாடியின் எண்ணிக்கையோடும் சேர்த்துச் சேமியுங்கள்.

6. எந்த நாள், எந்த நேரம்

மல்டிஸ்பெக்ட்ரலுக்குச் சூரியன் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் உள்ள பொழுது ஏற்றது. முழுக்கத் தெளிந்த வானம் நல்லது, முழுக்க மூடிய வானமும் பரவாயில்லை. வந்து வந்து போகும் மேகம்தான் கெடுதல். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னும் பின்னும், எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே அளந்து வைத்த பிரதிபலிப்புத் தகட்டைப் படம் எடுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. தகட்டில் விரல்ரேகையோ தூசியோ இருந்தால் அந்த நாளின் எல்லா எண்களும் சாயும்.

அடுத்த ஆண்டுப் பறப்பைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், செடியின் பருவத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மழை முந்திய ஆண்டில் அதே தேதியில் புல் இரு மடங்கு உயரமாக நிற்கலாம். மாசு இல்லாத, அதே மண்ணும் அதே செடியும் உள்ள ஒரு துண்டு நிலத்தை அருகிலேயே தேர்ந்தெடுத்து ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துப் பறந்துவிடுங்கள். வறட்சியால் இரண்டு இடமும் வாடினால் அது மாசின் வேலை அல்ல.

தெர்மலுக்கு, பகல் வெயிலின் சூடு இறங்கிவிட்ட விடியலுக்கு முந்தைய நேரம். கேமராவை 15 நிமிடம் ஓடவிட்டு அதன் சூடு நிலைத்த பின் பறங்கள். அதன் வெப்ப எண்களில் 2 டிகிரி பிழை சாதாரணம், அதனால் பக்கத்துத் தரையோடு உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பளபளக்கும் தகரம் வானத்தைப் பிரதிபலித்துக் குளிர்ந்த இடம் போலத் தெரியும்.

காமாவுக்கு மழைதான் எதிரி. மழை, காற்றில் உள்ள ரேடானின் சிதைவுப் பொருட்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றைத் தரைக்குக் கொண்டுவந்து எண்ணிக்கையை உயர்த்தும். இவற்றின் அரை ஆயுள் 27, 20 நிமிடங்கள். மழை நின்று 3 மணி நேரமாவது போகட்டும். இதற்கு நேர்மாறாக, ஊறிய மண் கீழிருந்து வரும் கதிரைத் தடுத்து எண்ணிக்கையைக் குறைக்கும். ஆகவே மண் ஈரத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவையுங்கள்.

7. தளத்தில் ட்ரோனும் நீங்களும்

மாசு எல்லைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில், விரிப்பின்மேல் வைத்துப் புறப்பட்டு அங்கேயே இறக்குங்கள். சுழலியின் காற்று தரைத் தூசியைக் கிளப்பிவிடும். கல்நார் கிடக்கும் இடத்திலும் உலர்ந்த சாம்பலின்மேலும் தாழப் பறக்கவே பறக்காதீர்கள். குப்பைமேட்டின் வாயுக்குழாய் அருகே போகும் முன் தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சாதாரண ட்ரோனின் மோட்டாரும் பேட்டரியும் எரியும் வாயு உள்ள இடத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பேட்டரி 30 விழுக்காட்டுக்கு வந்ததும் திருப்பிவிடுங்கள். எல்லைக்குள் இறங்கிவிட்டால் ஓடிப்போய் எடுக்கக்கூடாது. யார், எந்த உடையோடு போய் எடுப்பது, பிறகு எங்கே வைத்துத் துடைப்பது என்பதைப் பறக்கும் முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். துடைத்த துணியும் மாசுக் கழிவுதான். கதிரியக்கத் தளமென்றால் கருவியை வெளியே எடுக்கும் முன் கால்கள், சுழலிகள், காற்றுத்துளைகள் மூன்றையும் மானியால் சோதியுங்கள்.

8. மண் மாதிரி

பறந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் மோசமாகத் தெரியும் இடங்களில் மட்டும் எடுத்தால், நல்லதாகத் தெரிந்த இடம் உண்மையில் நல்லதா என்று தெரியாமலே போகும். மூன்றிலொரு பங்கையாவது நடுத்தரமான, நல்ல இடங்களிலிருந்து எடுங்கள். ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்த மாசில்லாத நிலத்திலிருந்தும் எடுங்கள். ஆழத்தைக் குறியுங்கள். புள்ளியின் இடத்தைக் கைப்பேசியால் அல்ல, அதே ஆர்.டி.கே. கருவியால் அளவெடுங்கள்.

ஒவ்வொரு பொட்டலத்தோடும் யார் எடுத்தார், யார் பெற்றார், எந்த மணிக்கு என்ற கைமாற்றுப் படிவம் போக வேண்டும். அது இல்லாத முடிவு வழக்கென்று வந்தால் நிற்காது. பாதரசத்துக்கு 28 நாளுக்குள்ளும் பிற உலோகங்களுக்கு 6 மாதத்துக்குள்ளும் சோதித்துவிட வேண்டும் என்பது பரவலான நடைமுறை. எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் உள்ள மண்ணைக் கலக்காமல், மூடி, 4 டிகிரிக் குளிரில் வைத்து உடனே அனுப்புங்கள். பல இடத்து மண்ணை ஒன்றாகப் பிசைந்தால் அந்தக் கரைப்பான் உங்கள் கையிலிருந்தே பறந்துவிடும்.

9. இரண்டு பறப்புகளை ஒப்பிடுவது

பழைய உயரத்திலிருந்து புதிய உயரத்தைக் கழித்து நிறம் தீட்டுவது ஒரு நிமிட வேலை. அந்த நிறத்தில் எதை நம்பலாம் என்பதுதான் கேள்வி. முதல் பறப்பின் உயரப் பிழை 3 செ.மீ., இரண்டாவதில் 4 செ.மீ. என்று சரிபார்ப்புப் புள்ளிகள் சொல்கின்றன என்று வையுங்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 5 செ.மீ. 95 விழுக்காடு உறுதிக்கு அதை 1.96ஆல் பெருக்குங்கள்: 9.8 செ.மீ. ஏறத்தாழ 10 செ.மீ.க்குக் குறைவான எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

அதற்கு முன் மாறவே முடியாத இடத்தைப் பாருங்கள்: தார்ச்சாலை, கான்கிரீட் தளம். அங்கே வேறுபாடு சுழியாக வர வேண்டும். எங்கு பார்த்தாலும் 5 செ.மீ. கூடுதலாக வந்தால் அது நில மாற்றம் அல்ல, முழு வரைபடமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைத் திருத்தாமல் 10 ஹெக்டேருக்குக் கன அளவு போட்டால் 5,000 கன மீட்டர் கழிவு புதிதாக வந்ததாகக் கணக்கு காட்டும். நிலமே அசையாமல் ஒருவர்மேல் குற்றம் சாட்டப்படும் அளவு அது.

கதிரியக்க எண்களை ஒப்பிடும் முன் இயற்கைச் சிதைவைக் கழியுங்கள். சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. யாரும் எதுவும் செய்யாமலே அது 5 ஆண்டில் சுமார் 11 விழுக்காடு குறையும். சீர்திருத்தப் பணியால் 11 விழுக்காடு குறைந்தது என்று எழுதினால், அந்த நிலத்தில் வாழப்போகிறவர்களிடம் பொய் சொன்னதாகும்.

10. இடைவெளியும் கோப்புகளும்

சரியும் ஆபத்துள்ள மேட்டுக்கு மாதம் ஒருமுறையும், கனமழைக்குப் பின் உடனேயும். புகையும் குப்பைக்கு வாரம் ஒருமுறை தெர்மல். செடிகளுக்கு வளரும் பருவத்தில் இரண்டு மூன்று முறை. உள்ளே வேலை நடக்காத கதிரியக்க நிலத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

பறந்து வந்த அன்றிரவே மூலப் படங்களை இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுங்கள். ஒட்டிய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால், நாளை மென்பொருள் மேம்படும்போது பழைய ஆண்டுகளைப் புதிய முறையில் மறுபடி செய்ய முடியாது. ஒவ்வொரு பறப்பின் கோப்புறையிலும் ஒரு எளிய உரைக் கோப்பு இருக்கட்டும். அதில் தேதி, நேரம், ட்ரோனும் கேமராவும் அவற்றின் ஃபர்ம்வேர் பதிப்பும், உயரம், ஓவர்லேப், கேமரா எண்கள், ஆயத்தொலைவு முறை, ஜியாய்டு பதிப்பு, வானிலை, மண் ஈரம், சரிபார்ப்புப் புள்ளிகளின் பிழை, மென்பொருளின் பதிப்பும் அமைப்புகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பறப்புப் பாதைக் கோப்பையும் அதிலேயே போடுங்கள். ட்ரோனையோ கேமராவையோ மாற்றும் ஆண்டில், பழையதையும் புதியதையும் ஒரே நாளில் ஒரே பாதையில் பறக்கவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அளந்த பிறகே பழையதைக் கைவிடுங்கள்.